தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் என்ஜின் குளிர்ந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்னி நட்சத்திரம் நெருங்கினால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரப் பட்டறைகளில் பானெட்டைத் திறந்துகொண்டு பழைய டீசல் வண்டிகள் வரிசையாக நிற்கும். சுமோ, பொலிரோ, குவாலிஸ், இண்டிகா, இன்னும் ஓடுகிற அம்பாசடர் என்று எல்லாமே இருக்கும். 'டெம்பரேச்சர் ஏறுது' என்று சொன்ன மாத்திரத்தில் என்ஜின் நீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் 'ஹெட் கேஸ்கெட் போச்சு' (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) என்று ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள் பல உண்டு. அவற்றைச் செய்யாததால் நல்ல என்ஜின்கள் வீணாகின்றன. வண்டி வைத்திருப்பவர்களும் இளம் மெக்கானிக்குகளும் படிக்கும்படி இதை வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் தெர்மோஸ்டாட். பல என்ஜின்களில் இந்த வால்வுக்கு இரண்டு வேலை. சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அதே அசைவில் பைபாஸ் வழியை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஊருக்குள் ஓடும்போது இது தெரியாது. ஆறு பேரை ஏற்றி, ஏசி போட்டு, திருச்சி ரோட்டில் விரட்டும்போது டெம்பரேச்சர் முள் முன்பைவிட மேலே போகும். காலையில் நேர்மாறாக என்ஜின் சூடேறவே நேரமாகும். குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் தேய்மானம் கூடும், மைலேஜ் குறையும். வால்வு மேல் சந்தேகம் இருந்தால் சோதிக்க ஒரு பாத்திரமும் அடுப்பும் தெர்மாமீட்டரும் போதும். பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி வால்வை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் 82, 88 என்பது போல டிகிரி எண் பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும். நீர் கொதிநிலைக்கு வருவதற்குள் ஏறக்குறைய 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டாலும், பாதியில் நின்றாலும், ஆறிய பிறகு முழுதாக மூடாவிட்டாலும் புதிது போட வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு அதன் விலை சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகுக் குடுவையும் என்ஜின் பக்கம் இருக்கட்டும். வால்வுத் தட்டில் ஆடுகிற சிறு ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிரைவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது சூடேறுகிறது? பாதி நோய் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் ஊர்ந்தால் ஏறுகிறது, ரோடு காலியாகி 50, 60 கி.மீ. வேகம் எடுத்ததும் இறங்குகிறது என்றால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேனைப் பாருங்கள். ஊருக்குள் ஒன்றுமில்லை, 80க்கு மேல் போனாலோ பாரம் ஏற்றினாலோதான் ஏறுகிறது என்றால் நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள், வாட்டர் பம்ப், கீழ் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் சிவப்புக்குப் போனால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், நீர் இல்லாமல் இருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம், இல்லையேல் சிலிண்டர் காற்று நீருக்குள் புகுந்துகொண்டிருக்கலாம். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் உள்ளே காற்று நிற்கிறது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். டீசல் என்ஜின் சும்மா ஐடிலில் ஓடும்போது அதிகம் சூடாவதில்லை, எரியும் டீசலே அப்போது கொஞ்சம்தான். ஏசி போடாமல் நிற்கும் டீசல் வண்டி ஐடிலிலேயே கொதிக்கிறது என்றால் வெயில் மேல் பழி போடக் கூடாது, அங்கே கட்டாயம் குறை இருக்கிறது.

கேஜ் சொல்வது உண்மைதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். சூட்டை எட்ட நின்று அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று ஒவ்வொரு பட்டறையிலும் இருக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் பிடித்தால் அது தப்பாகக் காட்டும். கறுப்பு ரப்பர் ஹோஸில் பிடித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் உட்காரும் கூட்டை ஒட்டிய இடத்தில் 80 முதல் 95 டிகிரி வரை சாதாரணம். முள் சிவப்பில் இருக்கும்போது ஹோஸ் 85 காட்டினால் சென்சார், வயர், எர்த் இவற்றில்தான் கோளாறு. சில பழைய வண்டிகளில் டீசல் கேஜுக்கும் டெம்பரேச்சர் கேஜுக்கும் ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு எதிரான நிலைதான் ஆபத்து. கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டக் கூடாது. நீர் முழுக்கப் போய் சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்று பொருள். என்ஜின் பிடித்துக்கொள்ள அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகாது.

சோதனையை இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் தொடங்குங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நீர் கழுத்துவரை இருக்க வேண்டும். ரிசர்வ் டப்பாவில் நீர் இருந்தும் ரேடியேட்டரில் குறைந்திருந்தால் மூடியில் உள்ள சிறு வாக்குவம் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது டப்பாவுக்குப் போகும் சின்ன ஹோஸ் காற்று வாங்குகிறது. ஆறும்போது என்ஜின் நீரைத் திருப்பி இழுக்க வழி இல்லை. இந்த மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. 0.9 'பார்' அழுத்த அளவுள்ள மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 20 டிகிரி உயரும். ரப்பர் இறுகிப்போன மூடியோடு ஓடும் வண்டி, மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் கொதித்துக் கொட்டும். புது மூடி வாங்கும்போது பழையதில் எழுதியுள்ள அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று வாங்கினால் பழைய ஹோஸும் ஹீட்டர் குழாயும் வெடிக்கும்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். துரு நிறம் என்றால் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போல வெளுத்திருந்தாலோ எண்ணெயும் நீரும் எங்கோ கலக்கின்றன. ஆயில் கூலர் வைத்த என்ஜின்களில் கூலர் ஓட்டையாலும் இப்படி ஆகும். பார்த்ததும் ஹெட்டின் மேல் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

காற்றோட்டத்துக்கு வருவோம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டன்சர் நிற்கும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் அழுக்கு அடையும். நம் பக்கத்துச் செம்மண் தூசி, வைக்கோல் துரும்பு, பூச்சி எல்லாம் அங்கே அப்பிக் கிடக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகவே தெரியும். ரேடியேட்டரை ஏந்தி நிற்கும் போல்ட்டைத் தளர்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்து, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபின் எனும் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போகும் வழி இன்னும் குறையும்.

விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கேற்பப் பிடிக்கும் எண்ணெய்க் கிளட்ச் வைத்த ஃபேன்) உள்ள சுமோ, குவாலிஸ் போன்ற வண்டிகளில், என்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது சாவியை அணைத்து, எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கனமாகச் சுற்றி உடனே நிற்க வேண்டும். தட்டியதும் நாலைந்து சுற்று சுற்றினால் உள்ளிருக்கும் சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. கிளட்சின் முகத்தில் எண்ணெய் வழிந்த கறை பெரும்பாலும் இருக்கும். எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் ஏசி போட்டதும் சுழல வேண்டும். சுழலவில்லையா, மோட்டாரின் பிளக்கைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். அப்போது ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபியூஸ், ரிலே, தெர்மோ ஸ்விட்ச் என்று வரிசையாகத் தேட வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுழலும் வண்டிகளும் உண்டு. ஒரு காகிதத்தை முன்னால் பிடித்தால் இழுக்கிறதா தள்ளுகிறதா என்று தெரிந்துவிடும். ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றியவர்கள் திருப்பி மாட்டுவதில்லை. அது இல்லாவிட்டால் ஃபேன் அதே காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டரின் ஓரங்களில் காற்றே போகாது.

பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை இறங்கலாம். பக்கவாட்டில் கண்ணாடி போல மினுங்கினால் வழுக்குகிறது என்று பொருள். வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர்க்கசிவோ காய்ந்த கறையோ இருந்தால் சீல் போய்விட்டது. கசிவே இல்லாமலும் பம்ப் கெடும். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடிய பம்ப்பின் இறக்கைகள் அரித்துத் தேய்ந்து, புல்லி சுழன்றாலும் நீர் நகராது. கீழ் ஹோஸை மறக்காதீர்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டால், என்ஜினை உயர்ந்த சுற்றில் ஓட்டும்போது ஹோஸ் ஒட்டிப்போகும். நிறுத்தியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் பட்டறையில் பார்க்கும்போது அகப்படுவதில்லை. இன்னொருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கை படாத தூரத்தில் நின்று பாருங்கள்.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறதா என்பதற்கும் அதே தெர்மாமீட்டர் உதவும். என்ஜின் நன்றாகச் சூடேறி தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து வாருங்கள். நீர் புகும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திடுமெனக் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய் அடைபட்டிருக்கிறது. பித்தளை ரேடியேட்டரானால் டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் பற்றவைக்கலாம். அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் டேங்கும் கொண்டதை மாற்றுவதே நல்லது. பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது உப்புப் படிவத்தோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும். ஒழுகலை அடைக்க மஞ்சள் பொடி போடுவதும் அப்படித்தான். ஓட்டையை அடைக்கும் பொடி ஓட்டையோடு நிற்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்து, அப்போதும் சூடேறினால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் போல இறுகினால் அது ஒரு அறிகுறி. நீர் சூடாகாதபோது அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உறுதி செய்ய, ஆறிய என்ஜினில் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, பம்ப்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூடி போடாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். பம்ப் ஓடாததால் நீர் அசையாமல் நிற்கும். குமிழி தொடர்ந்து வந்தால் அது சிலிண்டர் காற்று. டைமிங் பெல்ட்டே பம்ப்பை ஓட்டும் என்ஜின்களில் இதைச் செய்யக் கூடாது. எந்தச் சிலிண்டர் என்று அறிய, பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாகத் தளர்த்திப் பாருங்கள்; எந்த நட்டைத் தளர்த்தும்போது குமிழி குறைகிறதோ அதுதான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்துக்கு ஏறும், தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும்.

கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டர் இருந்தால் மூடியில் எழுதியுள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் முள் இறங்கினால் நீர் உள்ளே போகிறது. அந்த நிலையில் க்ளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடு தருபவை) கழற்றாமல் செல்ஃப் அடிக்க வேண்டாம். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கும் இடம் மிகக் குறைவு. நீரை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால் கனெக்டிங் ராட் வளையும்.

ஹெட்டை இறக்கியே ஆக வேண்டுமானால் புது கேஸ்கெட்டை வைத்து இறுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. நேர்க்கோல் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் அளங்கள். பிளாக்கின் முகத்தையும் அதே போல அளக்க வேண்டும். எவ்வளவு வளைவு தாங்கும், எவ்வளவு வரை லேத்தில் ஃபேசிங் செய்து சமன்படுத்தலாம் என்பது அந்தந்த என்ஜினின் மேனுவலில் இருக்கிறது. பல டீசல் என்ஜின்களுக்குக் கேஸ்கெட் இரண்டு மூன்று தடிமனில் வரும், ஓரத்தில் உள்ள வெட்டுகளோ துளைகளோ அதைக் காட்டும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜில் அளந்துதான் எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். கடையில் கிடைத்ததைப் போட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், அல்லது கம்ப்ரஷன் குறைந்து காலையில் வண்டி கிளம்பாது. வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். விரிசல் விட்ட ஹெட்டில் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயன் இல்லை.

நீர் வழியில் ஒன்றும் இல்லை, புகை மட்டும் கறுப்பாக வருகிறது, இழுவை குறைவு என்றால் டீசல் பம்ப் பக்கம் திரும்புங்கள். இழுவைக்காக டீசல் அளவுத் திருகைக் கூட்டிவைத்திருப்பது, டைமிங் பிந்தியிருப்பது, ஏர் ஃபில்டர் அடைத்திருப்பது ஆகிய எல்லாமே கூடுதல் சூடு தரும். பிடித்துக்கொண்டு ஓடும் பிரேக்கும் தரும்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பல, வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி, கோயில் படைப்பு என்று குடும்பம் ஊருக்கு வரும்போதுதான் ஷெட்டில் இருக்கும் வண்டி வெளியே வருகிறது. வந்த அன்றே பத்து வீடு, மூன்று கோயில் என்று ஓடுகிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி ஹோஸைக் கடித்திருக்கும், குளவி ஃபின்னில் மண்கூடு கட்டியிருக்கும், பம்ப் சீல் காய்ந்திருக்கும், வெறும் தண்ணீர் விட்டிருந்தால் துரு அடியில் தங்கியிருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மாதம் ஒரு முறை வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டால் போதாது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டும் சூடாகும் வரை பத்து கி.மீ. ஓட்ட வேண்டும்.

ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் தேவை. நம் காரைக்குடிச் சம்பை ஊற்று நீர் குடிக்க எவ்வளவு இனிப்பானாலும் அதிலும் உப்புகள் கரைந்தே இருக்கும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. அவசரத்துக்கு வானம் பார்த்த முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைநீர் நல்லது, சிமென்ட் தொட்டியில் தேங்கியது வேண்டாம். கூலன்ட்டும் நீரும் பாதிக்குப் பாதி. இங்கே பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்று என்று நாலு உலோகம் ஒரே நீரில் நனையும்போது மின்வேதி அரிப்பு நடக்கும். கூலன்ட்டில் உள்ள மருந்து அதைத் தடுக்கிறது. கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்காதீர்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் வகை ஒன்றாகிவிடாது. மாற்றும்போது வடிக்கும் பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெருவில் கொட்டினால் நாயும் மாடும் நக்கிச் சாகும். மூடிய கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வழியில் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓரம் கட்டுங்கள். ஆவி வந்தாலோ நீர் கொட்டினாலோ உடனே என்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். பிறகு ஈரத்துணி போட்டு முதல் படி வரை திருகி, காற்று போனபின் திறவுங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உலோக அரிப்பையும் ஆராய்ச்சி செய்யும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் இருக்கின்றன. கோடைக்கு முன், பங்குனியில் ஒரு நாள், இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளை அழைத்து, அரித்துப்போன பம்ப்பையும் ஹெட்டையும் மேசையில் வைத்து, எந்த நீர் எந்த உலோகத்தை என்ன செய்கிறது என்று காட்டினால் பேருதவியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பட்டறைப் பையன்களும் வர முடியும்.

இப்படிக்கு,
டீசல் வண்டி மெக்கானிக் ஒருவர்,
காரைக்குடி.